துணைவேந்தரை யார் நியமிப்பது என்று பேசுகிறோம், பாடத்திட்டத்தை யார் போடுவது என்று பேசுவதில்லை

#1 வைகைக்கரை

வணக்கம். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பத்தொன்பது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். மனதில் கிடந்து உறுத்துவதை இங்கே கொட்டிவிடலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

போன வாரம் துறைக்கூட்டம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. அதில் பாடம் பற்றிப் பேசியது பத்து நிமிடம் இருக்கும். மீதி நேரம் முழுக்க, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்புக்கான ஆவணங்கள்தான். எந்தக் கருத்தரங்கத்துக்கு ஜியோடேக் போட்ட (எடுத்த இடம் பதிவான) புகைப்படம் இருக்கிறது, எதற்கு இல்லை, ஐந்து வருட எக்செல் தாளில் எந்தக் கட்டம் காலி, யார் எப்போது அனுப்புவார்கள். இரண்டாம் ஆண்டு மாணவர்களில் பாதிப்பேர் இலக்கணத் தாளில் ஏன் தேறவில்லை என்று நான் கேட்டேன். "அதை அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். அந்த அப்புறம் வரவே இல்லை.

துணைவேந்தர் நியமனம் பற்றித் தினமும் செய்தி வருகிறது. 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கருத வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அவற்றில் பல, துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை வேந்தரான ஆளுநரிடமிருந்து மாநில அரசுக்கு மாற்றுபவை. மே 21-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற விடுமுறைக்கால அமர்வு அந்தப் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஆளுநர் பக்கம், அரசு பக்கம் என்று எங்கள் ஆசிரியர் அறையிலேயே இரண்டு அணி இருக்கிறது. என் கேள்வி வேறு. யார் ஜெயித்தாலும் பாடம், தேர்வு, சேர்க்கை, பணியிடம் ஆகியவற்றை முடிவு செய்யும் மேசையில் வகுப்பெடுப்பவர்களுக்கு நாற்காலி கூடுமா?

2023-இல் மாநில உயர்கல்வி மன்றம் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் மாதிரிப் பாடத்திட்டம் என்று ஒன்றை அனுப்பியது நினைவிருக்கிறதா? தங்கள் பாடத்தைத் தாங்களே போட்டுக்கொள்ளும் தன்னாட்சிக் கல்லூரிகளின் ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். அதைப் பின்பற்றத் தேவையில்லை என்று ஆளுநர் துணைவேந்தர்களுக்குக் கடிதம் எழுதினார். உடனே அது ஆளுநர், அரசு சண்டையாகிவிட்டது. பாடத்திட்டம் நன்றாக இருக்கிறதா, அதை யாரிடம் கேட்டுத் தயாரித்தார்கள் என்ற பேச்சு அத்தோடு நின்றுபோனது. எனக்கு அதுதான் இன்னும் வலிக்கிறது.

#2 பழைய_செக்ஷன்

அம்மா, வணக்கம். நான் அந்தப் பக்கத்து ஆள். ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் 34 வருடம் வேலை பார்த்து, பிரிவு அலுவலராக ஓய்வு பெற்றவன். உங்கள் வருத்தம் புரிகிறது. எங்கள் பக்கத்தையும் கேட்டுவிடுங்கள்.

நிர்வாகம் பெருத்துவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் சேர்ந்தபோது தேர்வுப் பிரிவில் எத்தனை பேர் இருந்தோமோ அதில் பாதிகூட நான் ஓய்வு பெறும்போது இல்லை. இணைவுக் கல்லூரிகளும் மாணவர்களும் பல மடங்கு கூடிவிட்டார்கள். விடைத்தாள் திருத்த வரும் ஆசிரியர்கள் மதிப்பெண் பட்டியலில் கூட்டல் தவறு செய்தால், இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து கண்டுபிடிப்பது நாங்கள். ரிசல்ட் ஒரு வாரம் தள்ளினால் வாங்கிக் கட்டிக்கொள்வதும் நாங்கள்தான்.

இன்னொன்று தணிக்கை. உள்ளாட்சி நிதித் தணிக்கைக்காரர்கள் ஆட்சேபணை எழுதினால் மானியம் நிற்கும். ஓய்வூதியம் நிற்கும். ஒரு பேராசிரியர் நல்ல நோக்கத்தோடு விதியைத் தாண்டி ஒரு பொருளை வாங்கியிருப்பார். அவர் ஓய்வு பெற்றுப் போய்விடுவார். அந்த ஆட்சேபணைக்குப் பதினைந்து வருடம் கழித்தும் பதில் எழுதிக்கொண்டிருப்பது செக்ஷன். அதனால்தான் கோப்பில் நாங்கள் "விதிகளில் இடமில்லை" என்று எழுதுகிறோம். அது ஆணவம் இல்லை, பயம்.

#3 ஆய்வு_மாணவி

ஒரு அடிப்படைச் சந்தேகம். செனட், சிண்டிகேட், கல்விக்குழு, பாடத்திட்டக் குழு என்று சொல்கிறார்களே, எது எதைச் செய்கிறது? முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து நாலு வருடம் ஆகிறது. இதுவரை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

#4 பொதிகை

மகளே, நல்ல கேள்வி. இதை ஆசிரியர்களிலேயே பலர் கேட்காமல் விட்டதால்தான் இந்த நிலை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நான் ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம் ஆகிறது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியபோது அது பாடம் நடத்தும் இடம் இல்லை, தேர்வு வைத்துப் பட்டம் கொடுக்கும் இடம். செனட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் அரசு நியமித்த பெரிய மனிதர்கள், அதுவும் ஆயுள் முழுக்க. 1904-இல் வைஸ்ராய் கர்சன் காலத்துச் சட்டம் செனட்டைச் சிறிதாக்கி, பதவிக்காலம் வைத்து, சிண்டிகேட்டுக்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. ஆசிரியர்களுக்கு இடம் வந்தது என்னவோ உண்மை. ஆனால் அரசின் பிடியும் கூடவே இறுகியது. கோகலே மத்திய சட்டசபையில் அதை எதிர்த்தது அதற்காகத்தான். ஆக, ஆசிரியருக்கு இடம் தருவதும் அரசின் கையை நீட்டுவதும் ஒரே சட்டத்தில் வருவது நமக்குப் பழக்கமானதுதான்.

இப்போது நாம் பார்க்கிற அமைப்பு 1923-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகச் சட்டத்தின் வழியில் வந்தது. எளிதாகச் சொன்னால், செனட் என்பது பேரவை. அதில் ஆசிரியர்கள், கல்லூரி முதல்வர்கள், பதிவு செய்த பட்டதாரிகள் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லாம் உட்கார்வார்கள். சிண்டிகேட் ஆட்சிக்குழு, பணம், நியமனம், சொத்து அங்கே. கல்விக்குழு என்பது எந்தப் பட்டம், என்ன விதி, என்ன தேர்வு முறை என்று முடிவு செய்யும் இடம். பாடத்திட்டக் குழு ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி. எந்த நூலை வைப்பது, எதை எடுப்பது என்பது அங்கிருந்து மேலே போக வேண்டும். மேலிருந்து கீழே வரக்கூடாது.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை, 27 வருடம், தொடர்ந்து துணைவேந்தராக இருந்தார். மிகத் திறமையான மனிதர். ஆனாலும் ஒரே மனிதர் ஒரு தலைமுறைக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தால் கல்விக்குழுவில் எத்தனை பேர் எழுந்து மறுத்துப் பேசுவார்கள்?

நான் பார்த்த மாற்றம் இதுதான். எண்பதுகளில் நான் உறுப்பினராக இருந்த ஒரு பாடத்திட்டக் குழுவில் ஒரு தாளை நீக்குவதா வேண்டாமா என்று இரண்டு நாள் விவாதித்தோம். குரல் உயர்ந்தது, கோபித்துக்கொண்டு தேநீர் குடிக்காமல் எழுந்து போனவர்களும் உண்டு. கடைசியாக நான் போன கூட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. பாடத்திட்டம் அச்சடித்து மேசையில் இருந்தது. கையெழுத்துப் போட்டோம், பயணப்படி வாங்கினோம், வந்துவிட்டோம். நானும்தான். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

#5 வைகைக்கரை

ஐயா, கடைசிப் பத்தியை மூன்று முறை படித்தேன். நானும் அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

செக்ஷன் சார், உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் சொல்வது உங்கள் பிரிவு அலுவலர்களை இல்லை. முடிவெடுக்கும் நிர்வாகம் ஒன்று, கோப்பு நகர்த்தும் நிர்வாகம் ஒன்று. இரண்டாவது மெலிந்துகொண்டே போகிறது, முதலாவது தடித்துக்கொண்டே போகிறது. தரவு கேட்கிறவர்கள் பெருகிவிட்டார்கள், தரவைத் தட்டச்சு செய்ய ஆள் இல்லை. அந்த வேலை வகுப்பு ஆசிரியர் தலையில் விழுகிறது. நாக், தரவரிசைக்கு என்ஐஆர்எஃப், மாணவர் விவரத்துக்கு யூமிஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல். ஒரே மாணவரின் பெயரை நாலு இடத்தில் ஏற்றுகிறேன்.

#6 பழைய_செக்ஷன்

அது சரியான பிரிப்புதான் அம்மா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லும் அந்த 'முடிவெடுக்கும் நிர்வாகம்' யார்? பதிவாளர் யார்? தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் யார்? தொலைநிலைக் கல்வி இயக்குநர் யார்? நம் ஊரில் பெரும்பாலும் எல்லாருமே பேராசிரியர்கள். நேற்றுவரை உங்கள் துறையில் பாடம் எடுத்தவர். பெயருக்குப் பின்னால் 'பொறுப்பு' என்று போட்டுக்கொண்டு வருவார்.

இந்தப் 'பொறுப்பு' என்ற சொல்லைக் கொஞ்சம் யோசியுங்கள். முழுநேரப் பதிவாளரை முறைப்படி நியமித்தால் அவருக்குப் பதவிக்காலம் உண்டு, நீக்குவதற்கு நடைமுறை உண்டு. மேலே இருப்பவரிடம் "இது சட்டப்படி முடியாது" என்று சொல்லும் தைரியம் அதிலிருந்து வரும். பொறுப்புப் பதிவாளரை ஒரு தாளில் மாற்றிவிடலாம். காலையில் இருப்பார், மாலையில் வேறொருவர் இருப்பார். என் பணிக்காலத்தில் ஐந்து வருடத்தில் ஆறு பொறுப்புப் பதிவாளர்களைப் பார்த்தேன். ஒவ்வொருவரும் வந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "இதில் எனக்கு ஏதும் சிக்கல் வருமா?"

ஆசிரியர்கள் கையில் அதிகாரம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும்போது எனக்கு நினைவு வருவது அந்தக் கேள்விதான்.

#7 கடலூர்_பாசஞ்சர்

அரசுக் கல்லூரி ஆசிரியன். இரண்டு பேர் சொல்வதும் ஒரே விஷயத்தின் இரண்டு முனை என்று தோன்றுகிறது. எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கியது. நிறுவனர் குடும்பத்துக்குச் சட்டத்திலேயே இடம் இருந்தது. நிதி நெருக்கடி முற்றி, சம்பளமே சிக்கலான நிலையில் 2013-இல் அரசு ஓர் ஐஏஎஸ் அதிகாரியை நிர்வாகியாக நியமித்தது. அதே வருடம் புதுச் சட்டம் போட்டு முழுவதையும் எடுத்துக்கொண்டது. அந்த நேரத்தில் அது தேவைப்பட்டது. அதை எதிர்த்த ஆசிரியர்கள் குறைவு, வரவேற்றவர்கள்தான் அதிகம். தேவைக்கு மேல் ஆயிரக்கணக்கானோரை வேலைக்கு எடுத்துவிட்டார்கள் என்பது தெரிந்ததும், ஆசிரியர்களையும் ஊழியர்களையும் அயற்பணி, பணிநிரவல் என்று தமிழ்நாடு முழுக்க அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். எங்கள் துறைக்கும் அப்படி இரண்டு பேர் வந்தார்கள். நல்ல ஆசிரியர்கள். ஒருவர் பத்து வருடமாக ஓர் ஆய்வுக்கூடத்தை உருவாக்கியவர். எங்கள் கல்லூரியில் அந்தக் கருவிகள் எதுவும் இல்லை. கரும்பலகையில் படம் வரைந்து பாடம் நடத்தினார்.

தவறான நியமனங்களைச் செய்தது நிர்வாகம். கணக்குப் பார்த்துத் திருத்தியதும் நிர்வாகம். நடுவில் இருந்த ஆசிரியர்களிடம் இரண்டு தடவையும் யாரும் எதையும் கேட்கவில்லை.

#8 ஆய்வு_மாணவி

துணைவேந்தரே இல்லாதபோது என்ன நடக்கும் என்பதையும் பேசுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தர் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஒருங்கிணைப்புக் குழுதான். அண்ணா பல்கலைக்கழகத்திலும் 2016 முதல் 2018 வரை கிட்டத்தட்ட இரண்டு வருடம் இதே நிலை. அந்தக் குழுவுக்கு வழக்கமாக உயர்கல்வித் துறைச் செயலாளர்தான் தலைவர். அவருக்குத் துறையின் வேலையே தலைக்கு மேல் இருக்கும். வேறொரு பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் தோழியின் வாய்மொழித் தேர்வுக்கு ஒரே ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது, மூன்று மாதம் ஆனது. அதற்குள் அவளுக்குக் கிடைத்திருந்த வேலை கைநழுவிப் போனது.

#9 பொதிகை

நீ சொன்ன இடத்தில்தான் எல்லாமே வந்து சேர்கிறது. துணைவேந்தர் தேடல் குழுவைப் பார். சென்னைப் பல்கலைக்கழகச் சட்டப்படி மூன்று பேர்: செனட் சார்பில் ஒருவர், சிண்டிகேட் சார்பில் ஒருவர், வேந்தர் சார்பில் ஒருவர். 2023-இல் தகராறு வந்தது, நான்காவதாகப் பல்கலைக்கழக மானியக் குழுவின் பிரதிநிதி வேண்டும் என்று ஆளுநர் தரப்பு சொன்னதால். அரசு அதை ஏற்கவில்லை. மானியக் குழுவின் 2018 விதிமுறைகள் பெரிதா, மாநிலச் சட்டம் பெரிதா என்று வழக்கறிஞர்கள் வாதாடுகிறார்கள், வாதாடட்டும். ஆனால் அந்த மூவரில் செனட் பிரதிநிதி என்ற இடம் ஒன்று இருக்கிறதே, ஆசிரியர் வாக்கு சேருகிற இடம், அதைப் பற்றி இரண்டு தரப்பிலும் யாரும் ஒரு வார்த்தை பேசிக் கேட்டீர்களா?

2025 ஜனவரி 6-ஆம் தேதி மானியக் குழு புது வரைவு வெளியிட்டது. அதுவரை துணைவேந்தராக வர பேராசிரியராகப் பத்து வருட அனுபவம் வேண்டும். வரைவில் தொழில்துறை, பொது நிர்வாகம், பொதுத்துறை நிறுவனம் ஆகியவற்றில் உயர்பொறுப்பில் பத்து வருடம் இருந்தவர்களும் வரலாம் என்று இருந்தது. தேடல் குழுவில் வேந்தர் சார்பில் ஒருவர், மானியக் குழு சார்பில் ஒருவர், பல்கலைக்கழகத்தின் உச்ச அமைப்பு சார்பில் ஒருவர். மூன்றே நாளில் தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. மாநில உரிமை என்ற அளவில் அது சரியான தீர்மானம். நான் ஆதரிக்கிறேன். அதோடு சேர்த்து, "எங்கள் செனட் தேர்தல்களை ஒழுங்காக நடத்துவோம், கல்விக்குழு கேட்காமல் பாடம் மாற்றமாட்டோம்" என்றும் ஒரு வரி இருந்திருந்தால் என் நெஞ்சு நிறைந்திருக்கும்.

#10 நல்லூர்_வீதி

இலங்கையில் இருந்து எழுதுகிறேன். உங்கள் உரையாடலை வாசிக்க எங்கள் கதையும் ஞாபகம் வருகிறது.

எங்களிடம் 1978 ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டம். மூதவை (செனட்) கல்வி அலுவல்களைப் பார்க்கும், பேரவை (கவுன்சில், உங்கள் சிண்டிகேட் மாதிரி) நிர்வாகத்தைப் பார்க்கும். பீடாதிபதியை, அதாவது டீனை, அந்தந்தப் பீடத்தவர்களே வாக்களித்துத் தெரிவு செய்வார்கள். இது உங்களிடம் இல்லை என்று நினைக்கிறேன், பெரிய விசயம் அது. ஆனால் பேரவையில் உள்ளக உறுப்பினர்களை விட ஒருவர் கூடுதலாக வெளியாரை மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும். அந்த ஒருவரில்தான் எல்லாம் தங்கி இருக்கிறது. துணைவேந்தருக்குப் பேரவை மூன்று பேரைச் சிபாரிசு செய்யும், சனாதிபதி ஒருவரை நியமிப்பார். அந்த மூவரில் முதலாவதாக வந்தவர்தான் வருவார் என்று கட்டாயம் இல்லை.

2019 ஏப்ரல் கடைசியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரைச் சனாதிபதி திடீரெனப் பதவி நீக்கினார். காரணம் பகிரங்கமாகச் சொல்லப்படவில்லை. பிறகு 'தகுதிவாய்ந்த அதிகாரி' என்று ஒருவர் நியமிக்கப்பட்டார். தங்கை சொன்ன ஒருங்கிணைப்புக் குழுவுக்கு எங்கள் பெயர் இது.

2021 சனவரி 8 ஆம் திகதி இரவு வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. மேலிடத்து அறிவுறுத்தல் என்று சொன்னார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 11 ஆம் திகதி விடிகாலை அதே இடத்தில் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவர் மேலே பார்த்து மட்டும் முடிவெடுத்தால் என்ன ஆகும், பிறகு தன் மாணவர்களைத் திரும்பிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை அந்த மூன்று நாட்களில் கண்டோம்.

எங்கள் விரிவுரையாளர் சங்கங்களின் சம்மேளனம் 2012 யூலையில் தொடங்கி ஏறத்தாழ நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தது. சம்பளமும் கேட்டார்கள். ஆனால் பதாகையில் பெரிதாக இருந்தது, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் கல்விக்கு என்ற கோரிக்கை. காலி நகரில் இருந்து கொழும்புக்கு நடந்தார்கள். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனாலும் பல்கலைக்கழகத்தை எப்படி நடத்துவது என்பது ஆசிரியர்கள் பேச வேண்டிய விசயம் என்று நாடு முழுக்கத் தெரிந்தது.

#11 வைகைக்கரை

அண்ணா, மிக்க நன்றி. பீடாதிபதியை வாக்களித்துத் தெரிவு செய்வது பற்றிப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்களிடம் துறைத்தலைவர் பணிமூப்பில் வருகிறார். அது சண்டையைத் தவிர்க்கிறது, ஆனால் அவர் எங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

#12 லீட்ஸ்_தமிழ்

இங்கிலாந்தில் பாதை வேறு, ஆனால் போய்ச் சேர்ந்த இடம் அதே. 1985-இல் ஜாரட் அறிக்கை, துணைவேந்தரை நிறுவனத் தலைமைச் செயல் அதிகாரி மாதிரிப் பார்க்கச் சொன்னது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம், புதிதாகச் சேர்பவர்களுக்கும் பதவி உயர்வு பெறுபவர்களுக்கும் இருந்த நிரந்தரப் பணிப் பாதுகாப்பை எடுத்தது. 1992-இல் பாலிடெக்னிக்குகள் பல்கலைக்கழகங்களானபோது அவற்றின் ஆட்சிக்குழுவில் வெளியார்தான் பெரும்பான்மை. இங்கே அரசு நேரடியாக உள்ளே வந்து உட்காரவில்லை, சந்தையின் மொழி வந்து உட்கார்ந்தது.

ஒரே ஒரு விதிவிலக்கு சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் காங்கிரிகேஷன் என்று ஆசிரியர்கள் எல்லாரும் உறுப்பினராக இருக்கும் பேரவை இருக்கிறது. 2006-இல் ஆட்சிக்குழுவில் வெளியார் பெரும்பான்மை வேண்டும் என்று துணைவேந்தர் கொண்டுவந்த திட்டத்தை அந்தப் பேரவை வாக்கெடுப்பில் தோற்கடித்தது. பிறகு அஞ்சல் வழி வாக்கெடுப்பிலும் தோற்றது. நூற்றாண்டுகளாக வாக்களிக்கும் பழக்கம் இருந்ததால் முடிந்தது. நான் வேலை பார்த்த ஒரு பல்கலைக்கழகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. எங்கள் மொழித்துறையை மூடும் முடிவு ஒரு மின்னஞ்சலில் வந்தது. கலந்தாலோசனைக் காலம் என்று சில வாரம் கொடுத்தார்கள். எழுதினோம். எதுவும் மாறவில்லை.

#13 மூன்றாவது_பீரியட்

எல்லாரும் படித்தவர்கள், விவரமாகப் பேசுகிறீர்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். 'ஆசிரியர்' என்று நீங்கள் சொல்லும்போது நான் அதில் இருக்கிறேனா?

பதினோரு வருடமாகக் கௌரவ விரிவுரையாளர். நெட் தகுதித் தேர்வு, முனைவர் பட்டம் எல்லாம் இருக்கிறது. எங்கள் துறையில் நிரந்தர ஆசிரியர் இரண்டு பேர், கௌரவ விரிவுரையாளர் ஐந்து பேர். வகுப்பில் பெரும்பங்கு எங்களுடையது. மானியக் குழு 2019-இல் மாதம் 50,000 வரை தரலாம் என்று சொன்னது. இங்கே கிடைப்பது அதில் பாதி. சம்பளத்தை விடுங்கள். பாடத்திட்டக் குழுவில் எனக்கு இடம் இல்லை. செனட்டில் வாக்கு இல்லை. துறைக்கூட்டத்தில் உட்காரலாம், ஆனால் அடுத்த வருடமும் ஆணை வர வேண்டும் என்றால் எதைப் பேச வேண்டும், எதைப் பேசக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

நிரந்தர இடம் காலியாக காலியாக, நீங்கள் சொல்லும் செனட், கல்விக்குழு எல்லாவற்றிலும் உட்கார ஆள் குறைகிறது. சட்டத்தில் ஆசிரியர் இடம் அப்படியே இருக்கிறது, உட்காருகிற ஆசிரியர் இல்லை. அதிகாரம் இப்படித்தான் போனது என்று நான் நினைக்கிறேன். யாரும் பறிக்கவில்லை. ஓய்வு பெற்றவர்களின் இடத்தை நிரப்பாமல் விட்டார்கள், போதும்.

#14 பொதிகை

தம்பி, இந்த இழையில் எழுதியதில் இதுதான் முக்கியமான பதிவு. நான் ஓய்வு பெறும்போது என் இடத்தை நிரப்பச் சொல்லி ஒரு கடிதம்கூட எழுதவில்லை. பாராட்டு விழா மாலையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

#15 கடலூர்_பாசஞ்சர்

சங்கங்களைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். மூட்டா, ஏயூடி ஆகிய ஆசிரியர் சங்கங்கள் எல்லாம் தெருவில் நின்றதால்தான் 1976-இல் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது, நிர்வாகம் நினைத்த மாத்திரத்தில் வேலையை விட்டு அனுப்ப முடியாது என்ற நிலை வந்தது. அந்தத் தலைமுறைக்கு நான் கடன்பட்டவன். ஆனால் 1978-இல் சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வந்தபோது, பாடத்தை நாமே போடலாம் என்ற வாய்ப்பைவிட நிர்வாகத்தின் கை ஓங்கும் என்ற பயம்தான் நம் சங்கங்களில் பலருக்குப் பெரிதாகத் தெரிந்தது. பயம் நியாயமானது. வாய்ப்பும் உண்மையானது. அதைப் பயன்படுத்திய துறைகளில் அருமையான பாடங்கள் வந்தன. மற்ற இடங்களில் பழைய பாடத்திட்டத்துக்குப் புது அட்டை போட்டார்கள்.

2010-இல் மானியக் குழு ஆசிரியர் பதவி உயர்வுக்கு ஏபிஐ என்ற புள்ளி முறையைக் கொண்டுவந்தபோதும் நாம் தவறினோம் என்று நினைக்கிறேன். கருத்தரங்கத்துக்கு இத்தனை புள்ளி, கட்டுரைக்கு இத்தனை புள்ளி. எதிர்த்துவிட்டு அடுத்த நாளே புள்ளி சேர்க்க ஓடினோம். காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் பத்திரிகைகள் அந்த நாட்களில்தான் பெருகின. 2018-இல் முறையை மாற்றினார்கள். அந்தப் பழக்கம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

#16 பிஎஸ்சி_மூன்றாம்_ஆண்டு

நான் மாணவன். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சி வகுப்புகள் மேலிருந்து வந்தவைதான். ஆனால் எங்கள் துறையில் பதினைந்து வருடமாக மாற்றாத பாடத்துக்கு நடுவில் அது ஒன்றுதான் வேலைக்கு உதவியது. ஆசிரியர்கள் முடிவு செய்யட்டும் என்கிறீர்கள். எங்களைக் கேட்டு முடிவு செய்வார்களா?

#17 வைகைக்கரை

தம்பி, தவறாக எடுக்கவில்லை. பதினைந்து வருடம் மாற்றாதது எங்கள் குற்றம். அரசு அந்த வெற்றிடத்துக்குள் வந்தது. ஆனால் அந்த வகுப்புக்காக எங்கள் கால அட்டவணையில் இரண்டு மணி நேரத்தை எடுத்தபோது எந்தத் தாளிலிருந்து எடுப்பது என்றுகூட எங்களைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானே தேவையில்லாத ஒரு தாளைக் காட்டியிருப்பேன். அது எது என்று வகுப்பில் நிற்பவருக்குத்தான் தெரியும். உங்களுக்கும் தெரியும். ஆமாம், உங்களையும் கேட்டிருக்க வேண்டும்.

செக்ஷன் சார், ஒரு உதவி. எங்கள் பல்கலைக்கழகத்தின் கல்விக்குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்க்க வேண்டும். கடந்த பத்து வருடத்தில் எத்தனை பாடத்திட்ட மாற்றம் கீழிருந்து போனது, எத்தனை மேலிருந்து வந்தது என்று நானே எண்ணிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. தருவார்களா?

#18 பழைய_செக்ஷன்

தர வேண்டும் அம்மா. அவை ரகசியம் இல்லை. முதலில் நேரில் போய்க் கேளுங்கள். கல்விக்குழுவைக் கவனிக்கும் பிரிவு என்று ஒன்று இருக்கும். அங்கே பைண்டு போட்ட தொகுதிகளாக வைத்திருப்பார்கள். கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். "கடந்த பத்து ஆண்டுகள்" என்று பொதுவாக எழுதாதீர்கள், கூட்ட எண்ணும் தேதியும் போட்டுக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் "தகவல் தொகுக்கப்படவில்லை" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். நானே அப்படி எழுதியிருக்கிறேன்.

மனுவின் வரைவை இங்கே போடுங்கள், திருத்தித் தருகிறேன்.

#19 ஆய்வு_மாணவி

அக்கா, எண்ணும் வேலைக்கு நான் வருகிறேன். பொதிகை ஐயா, இன்னொரு கேள்வி. பதிவு செய்த பட்டதாரிகள் செனட்டுக்கு வாக்களிக்கலாம் என்றீர்களே, அதற்கு நான் எங்கே பெயர் கொடுக்க வேண்டும்?

#20 பொதிகை

பதிவாளர் அலுவலகத்தில் கேள் மகளே. பட்டச் சான்றிதழின் நகல் எடுத்துக்கொண்டு போ, ஒரு விண்ணப்பமும் சிறு கட்டணமும் இருக்கும். உன் வகுப்புத் தோழிகளையும் கூட்டிக்கொண்டு போ. நான் பதிவு செய்த வருடம் எங்கள் ஊரிலிருந்து மூன்றே பேர்தான் போயிருந்தோம்.

#21 மூன்றாவது_பீரியட்

பட்டதாரி என்ற முறையில் நானும் பதிவு செய்யலாம்தானே? திங்கட்கிழமை எனக்கு மதியத்துக்கு மேல் வகுப்பு இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.